எழுத்துப் பிழையுள்ள திரைச்சீலை

1

போன வாரம் ஒரு படிவம் நிரப்ப எங்கள் ஊர் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் ஊர் என்றால் ஆரணி இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் மட்டும் மிச்சமிருக்கிற ஊர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "வீட்டில் பேசும் மொழி?" என்று கேட்டாள்.

"தமிழ்" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குப் பின்னால் ஜன்னலில் தொங்கிய திரைச்சீலையைக் கவனித்தேன். கடுகு மஞ்சள் துணியில் கருநீல அச்சு. ஓரம் வெளுத்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது.

"இந்தத் துணி என் டிசைன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்படியா! இந்தக் கொடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்ன கொடி இது?"

"கொடி இல்லை. எழுத்து. தமிழ் எழுத்து."

"என்ன எழுதியிருக்கிறது?"

"நான் தமிழ் பேச மாட்டேன் என்று எழுதியிருக்கிறது."

அவள் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, படிவத்தில் எழுதிய 'தமிழ்' என்ற சொல்லை அடித்துவிட்டாள். அதைத் திரும்ப எழுதவைக்க நான் மேலதிகாரியைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் நல்ல மனிதர். எனக்குத் தமிழ் தெரியும் என்பதற்கு ஏதாவது சான்று உண்டா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் கொஞ்சம் பேசிக் காட்டுங்கள் என்றார்.

"இன்னாத்த பேசறது?" என்றேன்.

"நன்றி, போதும்" என்று முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்து என் மகள் பத்மாவிடம் சொன்னேன். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிற பெண். சிரிப்பாள் என்று பார்த்தால், "அந்தத் துணி இன்னும் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அந்தத் துணியோடு பழைய கணக்கு இருக்கிறது. ஆரணியில் அதைப் பற்றி இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள் என்று அண்ணன் எழுதுகிறார். நடந்தது இதுதான்.

2

கல்யாணமாகி, குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் நான் துணியச்சு படித்தேன். என் கணவர் தரணேந்திரன் பேருந்து கம்பெனியில் வேலைக்குப் போய்விடுவார். பத்மா பள்ளிக்குப் போய்விடுவாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தொழில்நுட்பக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது.

எங்கள் ஆசிரியை மிசஸ் பெல், நான் ஆரணிக்காரி, பட்டு நெய்கிற ஊர் என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உன் ரத்தத்திலேயே பட்டு ஓடுகிறது" என்றார். ஊரே பட்டு நெய்தாலும் எங்கள் வீட்டில் பட்டு கிடையாது. நாங்கள் ஜைனர்கள். என் அப்பா, புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற நூல் நம் வாசற்படி ஏறக் கூடாது என்று விரதம் இருந்தவர். கடைவீதியில் எங்கள் ஜவுளிக்கடையில் சீட்டித் துணி, வாயில் புடவை, வேட்டி, துண்டு இவைதான். பூப்போட்ட சீட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். இதையெல்லாம் மிசஸ் பெல்லுக்கு விளக்கினேன். "அருமை" என்றார். அடுத்த வகுப்பில் என்னை 'பட்டு நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்தவர்' என்று அறிமுகப்படுத்தினார்.

கடைசி வருடத்துக்கு, அவரவர் மரபிலிருந்து ஓர் அச்சுத் துணியை உருவாக்க வேண்டும். நான் முதலில் வரைந்து கொண்டுபோனது, பேருந்து நிலையத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டீக்கடைக் கண்ணாடி கிளாஸ்கள். உண்மையாகவே நல்ல வரிசை அது. மிசஸ் பெல் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நன்றாக இருக்கிறது. யானை எங்கே?" என்றார்.

ஆரணியில் நான் யானையைப் பார்த்தது ஏதோ திருவிழாவில் ஒரு தடவை. அதுவும் பின்பக்கம்தான். வேறு வழியில்லாமல் இங்கே மிருகக்காட்சி சாலைக்கு ரயிலேறிப் போய் ஒரு யானையைப் பார்த்து வரைந்து வந்தேன். வரைந்து முடித்த பிறகுதான் பலகையைப் படித்தேன். ஆப்பிரிக்க யானை. மிசஸ் பெல் அதன் காதைத் தடவிப் பார்த்து, "ஓர் இந்தியரால்தான் இந்தக் காதை இப்படி வரைய முடியும்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. யானையைச் சுருட்டி வைத்துவிட்டு, தமிழ் எழுத்தை வைத்து ஒரு டிசைன் பண்ணுகிறேன் என்றேன். ஆனால் என் கையெழுத்து அச்சடித்ததுபோல இருந்தது. உயிர் இல்லை, கரடுமுரடாக வேண்டும் என்றார் ஆசிரியை.

கரடுமுரடான தமிழ் எங்கள் வீட்டில் ஒருவரிடம்தான் இருந்தது.

3

பத்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். பேசுவதே கட்டாயத்துக்கு என்றால் எழுதுவது தண்டனைக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சமையலறை மேசையில் உட்கார வைத்து, பெரிய தாளும் பட்டைத் தூரிகையும் கொடுத்து, "நான் தமிழ் பேசுவேன்னு எழுது. தாள் ரொம்பற வரைக்கும் எழுது" என்றேன். எனக்கு டிசைனும் ஆயிற்று, அவளுக்குப் பாடமும் ஆயிற்று என்று நினைப்பு.

டிசைனைப் பார்க்கும்போது தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் பாலபாடம். அப்போதுதான் கண்ணுக்குப் பொருள் தெரியாது, வடிவம் மட்டும் தெரியும். நானும் தலைகீழாகப் பார்த்தேன். அற்புதமாக இருந்தது. தலைகீழாகவே வைத்து அளவெடுத்து, மேலும் கீழும் ஒட்டுகிற இடம் தெரியாமல் பொருத்தி, அச்சுச் சட்டம் தயாரித்தேன். நீளத் துணியில் அடித்து, காய்ந்ததை வீட்டுக்கு எடுத்து வந்து மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கவிட்டேன்.

வேலை முடிந்து வந்த தரணேந்திரன் தொப்பியைக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"சுலோ, இதுல இன்னா எழுதிகீதுன்னு பாத்தியா?"

"நான் தமிழ் பேசுவேன்."

"நல்லா பாரு."

நேராகப் படித்துப் பார்த்தேன். நான் தமில் பேச மாடேன். துணி முழுக்க, மேலிருந்து கீழ்வரை, நான் தமில் பேச மாடேன்.

பத்மா தன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் கண்காட்சி. ஓடிப்போய் மிசஸ் பெல்லிடம், இதில் இரண்டு எழுத்துப் பிழை இருக்கிறது, அதைவிடப் பெரிய பிழையாக அர்த்தமே மாறியிருக்கிறது என்று முறையிட்டேன். எந்தெந்த எழுத்து என்று கேட்டார். காட்டினேன். "அந்த 'ல்'லைத் தொட்டால் உன்னைத் தேர்ச்சி பெற விடமாட்டேன். துணியிலேயே சிறந்த வளைவு அதுதான்" என்றார்.

கண்காட்சிக்கு வந்த ஆலைக்காரர் ஒருவர் அந்த டிசைனை வாங்கி, 'மெட்ராஸ் நிலவு' என்று பெயர் வைத்து, திரைச்சீலைத் துணியாக அடித்தார். வங்கி, பல் மருத்துவர், முடிவெட்டும் கடை என்று ஊர் முழுக்கத் தொங்கியது. "இங்க இத்த படிக்கத் தெரிஞ்சவங்க மூணே பேரு. மூணு பேரும் நம்ம வூட்லதான் கீறோம். பேஜார் பண்ணிக்காத" என்றார் தரணேந்திரன். நானும் விட்டுவிட்டேன்.

விட்டதோடு நிறுத்தியிருக்கலாம். ஊருக்குப் போகிற ஒருவர் கையில், அண்ணிக்கு என்று அந்தத் துணியில் ஒரு பெரிய துண்டைக் கொடுத்தனுப்பினேன். கட்டில் விரிப்பாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கெஞ்சிச் சொல்லியனுப்பினேன். படுக்கையறைக்குள் யார் வந்து படிக்கப் போகிறார்கள்?

இவ்வளவு நல்ல துணியை எவளாவது கீழே போட்டுப் படுப்பாளா என்று அண்ணி அதைக் கடைக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் கடை கிழக்குப் பார்த்தது. காலை வெயில் துணிகளின் சாயத்தைக் குடித்துவிடும். அண்ணன் அதை வாசலில் வெயிலுக்குத் தொங்கவிட்டார். உள்ளேயிருந்து பார்த்தால் எழுத்து இடவலம் மாறி, கொடி மாதிரித்தான் தெரியும். நேராகப் படிக்க வேண்டுமானால் தெருவில் நிற்க வேண்டும்.

4

அடுத்த மார்கழியில் பத்மாவும் நானும் ஊருக்குப் போனோம். வேலூரிலிருந்து வந்த பேருந்தை விட்டு இறங்கி, ரிக்‌ஷாவில் பெட்டிகளோடு கடைவீதிக்குள் நுழைந்தால், எங்கள் கடை முன்னால் கும்பல். யாருக்கோ என்னமோ என்று பயந்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"வந்துட்டியா சுலோ, நல்ல நேரத்துல வந்தே. இவுங்க இன்னாமோ சொல்லிகினு கீறாங்க. பொங்கல் வியாபாரம் சுத்தமா படுத்துடும் போலகீது. நீயே கேளு."

கும்பலுக்கு முன்னால் நின்றவர் மேலத்தெருத் தமிழ் மன்றத்தின் தலைவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊரில் எல்லோருக்கும் புலவர் ஐயா. தேவிகாபுரம் பேருந்துக்காக எங்கள் கடைக்கு எதிரில் நின்றவர், பொழுது போகாமல் திரையைப் படித்திருக்கிறார். பேருந்து போய்விட்டது. அவர் போகவில்லை.

"அம்மா, இத்திரையை ஆக்கியவர் யார்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பத்மா ரிக்‌ஷாவிலிருந்து குதித்தாள்.

"நான்தான் எழுதினேன்."

கும்பல் அவளைப் பார்த்தது. சிவப்புக் கம்பளிச் சட்டை, ரிப்பன், முழங்கால்வரை காலுறை.

"குழந்தாய், எதற்காக நீ தமிழ் பேச மாட்டாய்?"

பத்மா என் பக்கம் திரும்பினாள். "எதற்காகன்னா இன்னா மம்மி?"

"ஏன்னு கேக்கறாரு."

"அப்ப ஏன்னே கேக்கலாம் இல்ல? பேஜாரா கீது, அதான்."

கும்பல் சிரித்துவிட்டது. புலவர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பேச மாட்டேன் என்று எழுதியதைவிட, அவள் பேசியது அவரைப் புண்படுத்திவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. உடனே கண்டனத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றார்.

மன்றத்தின் செயற்குழு எங்கள் கடை பெஞ்சிலேயே கூடியது. உட்கார வேறு இடமில்லை. அண்ணன் எல்லோருக்கும் காபி சொன்னார். செயலாளர் ஞானமுத்து சார் கிறிஸ்தவப் பள்ளியொன்றில் கணக்கு வாத்தியார், நிதானமான மனிதர். பேனாவைத் திறந்து, எழுத ஆரம்பித்து, நின்றார்.

"ஐயா, திரையில கீற வாசகத்த எழுதணும்ங்களே. அதுல 'தமில்'னு இருக்குதுங்க. அப்படியே எழுதட்டுங்களா?"

புலவர் அதிர்ந்துபோனார். "மன்றத்தின் ஏட்டில் 'தமில்' என்றொரு சொல்லா? நான் உயிரோடிருக்கும்வரை நடவாது. திருத்தி எழுதுங்கள்."

"திருத்தி எழுதினா, எங்க திரையில அப்படி இல்லியேன்னு கடைக்காரர் சொல்லுவாருங்க. வழக்கு நிக்காது."

"ஆமாங்க, சொல்லுவேங்க" என்றார் அண்ணன், காபியை ஆற்றிக்கொண்டே.

மேற்கோள் குறிக்குள் போட்டால் தப்பு நம்முடையதாகாது என்றார் ஒருவர். தப்பு தப்புதான், குறி என்ன வேலியா என்றார் இன்னொருவர். வாசகத்தையே எழுதாமல் 'மேற்படி வாசகம்' என்று போட்டுவிடலாம் என்றார் மூன்றாமவர். மேலே எதுவும் இல்லாதபோது எது மேற்படி என்றார் ஞானமுத்து சார். வெயில் இறங்கிவிட்டது. காபி இரண்டாம் தடவையும் வந்துவிட்டது. துணி வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்று விவாதத்தைக் கேட்டார்கள்.

கடைசியில் புலவர் எழுந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பிழை ஏட்டில் இல்லை, துணியில் இருக்கிறது. அங்கேயே திருத்திவிடுவோம். திருத்திய பின் கண்டிப்போம்."

பெயர்ப்பலகை எழுதுகிறவர் கடையிலிருந்து சிவப்புப் பெயின்ட் வந்தது. புலவர் எங்கள் கடை ஸ்டூலில் ஏறி, ஒவ்வொரு வரியாக, 'ல்'லை அடித்து மேலே 'ழ்' போட்டு, 'மாடேன்' நடுவில் ஒரு சிறு கூரை வரைந்து 'ட்'டைச் செருகினார். பத்மா கீழே நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் டிசைன் எங்கே ஆரம்பித்து எங்கே திரும்ப வருகிறது என்பது அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியும்.

"தாத்தா, அங்க ஒண்ணு வுட்டுட்டீங்க. மடிப்புக்குள்ள கீது. அதே மாதிரி அந்த மூலையிலயும் இருக்கும் பாருங்க."

இருந்தது. அதையும் திருத்தினார். விளக்கு வைக்கும் நேரத்தில் தீர்மானம் நிறைவேறியது.

"இப்ப திரைய எடுத்துடட்டுங்களா ஐயா?" என்று அண்ணன் கேட்டார்.

"எடுத்துவிட்டால் எதைக் கண்டிப்பது? நாளை மாலை பொதுக்கூட்டம். அதுவரை இருக்கட்டும்."

5

பொதுக்கூட்டத்துக்கு அவசியமில்லாமல் போயிற்று. மறுநாள் காலை கடை திறக்கும்போதே கீழத்தெருத் தமிழ் மன்றம் ஒலிபெருக்கியோடு வந்துவிட்டது. இரண்டு மன்றங்களுக்கும் எத்தனையோ வருடப் பகை. எதற்கு என்று இரண்டு தரப்புக்கும் ஞாபகமில்லை. கீழத்தெருத் தலைவர் வைத்தியர், போளூரில் ஒரு கூட்டம் முடித்து முதல் பேருந்தில் வந்து இறங்கியவர் நேரே இங்கே வந்துவிட்டார். வெயில் பட்டுத் திரை பளபளத்தது. பிழையே இல்லாத தமிழில், சிவப்பும் நீலமுமாக, நான் தமிழ் பேச மாட்டேன், நான் தமிழ் பேச மாட்டேன். ழகரத்தின் அந்தச் சுழிப்பை ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியும். பாதிப் பேர் புலவரிடம் படித்தவர்கள்.

புலவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"நான் எழுதவில்லை ஐயா. திருத்தினேன்."

"திருத்தினேன்னா இன்னா அர்த்தம் புலவரே? இப்ப சரியா கீதுன்னுதானே அர்த்தம்?" என்றார் வைத்தியர், ஒலிபெருக்கியிலேயே.

புலவர் கூட்டத்தில் தேடிப் பத்மாவைக் கண்டுபிடித்தார். நேற்றைய செந்தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது.

"பாப்பா, நீ சொல்லும்மா. இத எழுதனது யாரு? நீதானே?"

பத்மா திரையை மேலும் கீழும் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாது என்று நாங்கள் வளர்த்த பெண்.

"நான் எழுதனது இது இல்ல. நான் எழுதனதுல தப்பு இருந்துச்சு."

அந்த மனிதர் எங்கள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவர் இப்படித் தளர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். கேலி பேசிய கும்பலும் கொஞ்சம் அடங்கியது. எனக்குத் திரையைக் கிழித்து எறிந்துவிடலாமா என்றிருந்தது. என் டிப்ளமோ, என் அச்சு, கடல் தாண்டி வந்து ஒரு வயதான மனிதரைத் தெருவில் உட்கார வைத்துவிட்டது. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது கும்பலை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தார். ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர், கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. யாரையும் பார்க்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, திரையைக் கழற்றி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, அது சாட்சி" என்றார் வைத்தியர்.

"துணி" என்றார் அந்த அம்மா. "எழுந்திரிங்க. கஞ்சி ஆறிப்போவுது."

புலவர் எழுந்து பின்னாலேயே போனார். இரண்டு மன்றங்களும் வழிவிட்டன. திரை இல்லாத கடையில் வெயில் நேராக உள்ளே வந்தது. அண்ணன், "வந்தவங்க அப்படியே ஆளுக்கு ஒரு துண்டாவது பாத்துட்டுப் போங்களேன்" என்றார். சிலர் பார்த்தார்கள். அந்தப் பொங்கலுக்கு வியாபாரம் மோசமில்லை.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பத்மா தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், பொறுமை போதாது. "நான் அழுததாக எழுதியிருக்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நீ அழவே இல்லையே என்றேன். இரவில் அழுதாளாம். அந்தத் தாத்தாவை நான்தான் மாட்டிவிட்டேன் என்று போர்வைக்குள் அழுதாளாம். எனக்கு இத்தனை வருடம் தெரியாது. பிரித்தானியப் பெண்ணாக வளர்ந்துவிட்டாள், தமிழே போய்விட்டது என்று நான் கணவரிடம் புலம்பாத வாரம் கிடையாது. எதையெல்லாம் அவளிடம் கேட்காமல் விட்டேன் என்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் கிளம்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

வேலூர் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அண்ணன் பெட்டிகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். புலவர் மனைவி பையோடு வேகமாக வந்து எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்றார். திரையை வெட்டித் தலையணை உறைகள் தைத்திருந்தார். முழு வாக்கியம் எந்த உறையிலும் இல்லாதபடி நடுவில் வெட்டியிருந்தார். ஒன்றை எடுத்துப் பத்மாவிடம் நீட்டினார். 'நான் தமிழ்' என்று இருந்தது, அத்தனையும் திருத்திய தமிழ்.

"பாப்பா, உனக்குன்னு தச்சது. வெச்சிக்கோ."

பத்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அதுல இன்னா எழுதிகீது?"

"அதுவா? பேச மாட்டேன்னு கீது. எங்க வூட்டு ஐயாவுக்கு. கல்யாணம் ஆன நாள்லேந்து வாய் மூடல அவுரு. தலைக்கி கீழயாவது இது இருக்கட்டும்."

"எனக்கு அதான் வேணும்."

"இது நல்லா இல்லியா? நான் தமிழுன்னு எவ்ளோ அழகா கீது?"

"அழகாத்தான் கீது. ஆனா அதான் எனக்கு வேணும். நான்தானே மொதல்ல எழுதனேன்? தாத்தா சும்மா ஒரு எழுத்துதான் போட்டாரு. அவருக்கு இத குடுங்க. அவருக்குத்தான் இது புடிக்கும். நீங்க அவர கேட்டுப் பாருங்க, நான் சொல்றது சரியா இல்லியான்னு."

"கேக்கறதுக்கு அவுரு வூட்லயா கீறாரு? தேவிகாபுரம் போயிட்டாரு."

"அப்ப நீங்களே குடுத்துடலாம் இல்ல? வந்து கேட்டா, பத்மா வாங்கிகினு போயிட்டான்னு சொல்லுங்க. அழுதுகினே போனான்னு சொல்லுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"நீ அழுவலியே?"

"போவும்போது அழுவுறேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். பேருந்து உறுமியது. அந்த அம்மா ஜன்னல் கம்பியை விடவில்லை, இவள் பையிலிருந்த உறையை விடவில்லை. "ஜல்தி குடுங்க, வண்டி எடுத்துட்டாங்க" என்று பத்மா தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.